குமுக்கன் வரை

நேர்த்தி மனிசியுடையது.
கால் என்னுடையது.
போன மார்கழியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்,
பிறகு கட்டி இல்லை என்றார்கள்.
அதற்கிடையில் அவள் முருகனுக்கு
என் இரண்டு கால்களையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பத்தொன்பது வருசமாய் ஓட்டோ ஓட்டுகிறவன் நான்.
களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
எதிர்க் கடைக்குப் போகவும் சாவியைத் தேடுகிறவன்.
எனக்குத் தூரம் என்றால் காசு.
கல்முனை இவ்வளவு, மட்டக்களப்பு இவ்வளவு,
இரவென்றால் அதுக்கு மேலே.
கல்முனை உண்மையில் எவ்வளவு என்று
இந்த ஆடியில்தான் உள்ளங்கால் சொன்னது.

திருக்கோவிலில் முதல் கொப்புளம்.
கோமாரியில் உடைந்தது.
பொத்துவிலில் தையல்கடை நானா ஒருவர்
மெசினை நிப்பாட்டிவிட்டு வந்து
பழைய சாரத்தைக் கிழித்துக் காலைக் கட்டிவிட்டார்.
"ஊசியும் கிடக்கு, தைக்கவா?" என்று சிரித்தார்.
பாணமையில் போன் செத்தது.
மனிசியின் கடைசிச் சொல் பாதியில் நின்றது:
"குளிசை போட்ட…"
போட்டீங்களா என்றாளா, போட்டன் என்றாளா,
அதையே மென்றுகொண்டு உகந்தை வரை நடந்தேன்.

காட்டுக் கதவு திறக்கிற காலை.
மேசை போட்டு உட்கார்ந்த ஆமிக்காரப் பொடியன்
அட்டைகளை வாங்கிப் பெயர் பதிந்தான்.
தமிழ்ப் பெயர்கள் அவன் வாயில் சரளைக்கல்.
"கந்தப்போடி… பத்ம… லோசனி."

எனக்கு முதுகு குளிர்ந்தது.
எட்டு நாள் என் சட்டைப்பையில் கிடந்த பெயர் அது.

வெள்ளம் வந்த வருசம். சாமம் ரெண்டு மணி.
கையில் வலிப்போடு ஒரு கைக்குழந்தை.
ரோட்டெல்லாம் தண்ணி, எஞ்சின் போயிரும் என்றேன்.
நாலாயிரம் என்றேன்.
அவளிடம் எண்ணூறு இருந்தது.
ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு
மிச்சத்துக்கு அடையாள அட்டையை வாங்கி வைத்தேன்.
எட்டாம் நாள் வந்து காசைத் தந்து மீட்டுப்போனாள்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
பிள்ளைக்கு எப்படி என்று நானும் கேட்கவில்லை.

காட்டுக்குள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், சாமி.
"சாமி, முள்ளு."
"சாமி, லத்தி இன்னும் சுடுகுது, கொஞ்சம் நில்லுங்க."
பாலையும் வீரையும் தாண்டி
கச்சான் காற்று மணலை முகத்தில் அடித்தது.
நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.
அவளுக்கு முன்னால் ஒரு நெடுத்த பெட்டை,
பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு,
மயில் கத்தினால் திரும்பக் கத்திக்கொண்டு.
அரோகரா சொல்ல வாய் திறப்பேன்,
நாலாயிரம் என்று வரும்.

இரண்டாம் நாள் பின்னேரம் குமுக்கன் ஆறு.
அம்பாறை அங்கே முடிகிறது.
மருதமர வேரடியில் அவள் மணலைத் தோண்டி
ஊறின தண்ணியைச் சிரட்டையால் அள்ளிச்
செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் குந்தினேன்.
"சாமி, அந்த வெள்ளத்துக்குள்ள ஓட்டோ…"

"தெரியும் சாமி."
நிமிரவில்லை. இன்னொரு சிரட்டை அள்ளினாள்.
"களுவாஞ்சிக்குடியில நீங்க வந்து சேர்ந்த
அண்டைக்கே தெரியும்."

ஒன்பது நாள்.
கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது தெரியும்.
தம்பிலுவிலில் பாய் போதாமல்
என்னைத் தள்ளிப் படுக்கச் சொன்னபோதும் தெரியும்.
பரவாயில்லை என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தேன்.
சொல்லவில்லை.
செம்பு நிறைந்ததும் என் கையில் தந்தாள்.
"மகளிட்டக் குடுங்க. சிந்தாம."

பெட்டை அக்கரைப் பக்கம் பார்த்து நின்றாள்,
ஒரு இருபது எட்டு இருக்கும்.
பாதி வழியில் நானாவின் சாரத்துண்டு அவிழ்ந்து
பெருவிரலில் மாட்டி இழுபட்டது.
குனிந்தால் தண்ணி சிந்தும்.
இழுபட இழுபடப் போனேன்.